டாமினேட்டர் 99-க்கு ரியர்செட்: வேண்டுமா, வேண்டாமா?

வைட்லைன் வேலு (லெஸ்டர்)

வணக்கம். 1959-இல் பர்மிங்ஹாமில் செய்த நார்ட்டன் டாமினேட்டர் 99 ஒன்று என்னிடம் இருக்கிறது. ஃபெதர்பெட் என்ற புகழ்பெற்ற நார்ட்டன் ஃபிரேம், அதிலும் மேல் குழாய்கள் அகலமாக நிற்கும் பழைய வைட்லைன் வகை; 596 சிசி இரட்டை சிலிண்டர், தாய் நிறுவனமான ஏ.எம்.சி.யின் கியர்பாக்ஸ். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பழைய ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, முன் ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்-ஆன்களைப் போட்டிருக்கிறார். ஃபுட்ரெஸ்ட்டைத் தொடவே இல்லை. கை தாழ்ந்து முன்னால் போகிறது, காலும் முன்னாலேயே நிற்கிறது. நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டு விழிக்கிறது. சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு இறங்கினால் நிமிரவே நேரம் பிடிக்கிறது.

ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளும் ரியர்செட் போடலாம் என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர் வெல்டர் ஃபிரேமிலேயே ஃபுட்ரெஸ்ட் மாட்ட இரண்டு காதுகளை (துளையுள்ள சிறு தகடுகளை) பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார். அது வேண்டாமென்றால், பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் துளைகளில் மாட்டும் அலுமினியத் தகடு கடையில் கிடைக்கிறது. கியர் பெடலை என்ன செய்வது என்பது தனிக் குழப்பம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

கிளிப்-ஆனைக் கழற்றுங்கள். பழைய ஹேண்டில்பாரைத் தேடிப் பிடித்து மாட்டுங்கள். செலவும் குறைவு, இடுப்பும் பிழைக்கும்.

முந்தைய ஆள் செய்த கோணலுக்கு ஈடாக நீங்கள் இன்னொரு கோணல் செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள். அதிலும் ஃபிரேமில் வெல்டிங்! நார்ட்டனின் பிரேஸ்பிரிட்ஜ் தெருத் தொழிற்சாலையை 1960களின் தொடக்கத்திலேயே மூடி, வேலையை லண்டனின் உல்விச் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அந்தத் தெருவில் பிறந்த டாமினேட்டர்களில் எத்தனையோ வண்டிகள் துருவால் அழியவில்லை. உரிமையாளர்களின் ஆசையால் அழிந்தன. நல்ல வண்டியை வாங்கி, எஞ்சினைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டு, ட்ரையம்ஃப் எஞ்சினைச் செருகி டிரைட்டன் என்று சொல்லிச் சுற்றினார்கள். உங்களுடையதோ வைட்லைன். 1960 மாதிரிகளில் முழங்கால் பக்கம் குழாய்களை நெருக்கிய ஸ்லிம்லைன் வந்துவிட்டது. சொந்த எஞ்சினோடு மிஞ்சிய வைட்லைன் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. அதில் துளை போடாமல், காது ஒட்டாமல் வைத்திருப்பது அவ்வளவு கடினமா?

டன்-அப் தாத்தா (லண்டன்)

வந்தார் ஐயா, தீர்ப்போடு.

வேலு, உங்கள் வண்டி வெளிவந்த காலத்தில் அதை வாங்கிய இருபது வயதுப் பையன் அதை எப்படி வைத்திருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே வாசலில் நின்ற வண்டிகளின் பழைய படங்களைப் பாருங்கள். தாழ்ந்த ஹேண்டில்பார், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், மணிக்கு 100 மைல் தொட்டுவிட வேண்டும் என்ற வெறி. அந்தக் கஃபே 1969-இல் மூடி 2001-இல் மீண்டும் திறந்தது. இன்றும் அங்கே போகிற கூட்டம் எந்த வண்டியைச் சுற்றி நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அட்டவணைப் படத்தில் இருந்ததுபோலவே பளபளக்கும் வண்டியைச் சுற்றி அல்ல.

ரியர்செட் அந்நியச் சரக்குமல்ல. பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் கிளப்மேன் வண்டிகளைத் தொழிற்சாலையே ரியர்செட்டோடு விற்றது. 1965-இல் வெலோசெட் த்ரக்ஸ்டன் அப்படித்தான் வந்தது. ரெட்டிச்சில் என்ஃபீல்டுகாரர்கள் 250 சிசி கான்டினென்டல் ஜிடியையே கிளிப்-ஆனும் ரியர்செட்டுமாகக் கடைக்கு அனுப்பினார்கள். அப்படியிருக்க, பந்தயத்துக்கென்றே பிறந்த ஃபெதர்பெட்டில் மட்டும் போட்டால் தீட்டா? பெல்ஃபாஸ்ட்டின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் அந்த ஃபிரேமை வடித்தது பந்தயத்துக்காக. 1950-இல் பந்தய வீரர் ஜெஃப் டியூக் அதில் ஏறித்தான் மான் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றார்.

இன்னொன்று. டிரைட்டன் எல்லாமே டாமினேட்டரைக் கொன்று செய்தவையல்ல. 500 சிசி ஃபார்முலா 3 கார் ஓட்டியவர்கள் நார்ட்டனின் பந்தய வண்டியான மேங்க்ஸின் எஞ்சினுக்காக முழு பைக்கையும் வாங்கினார்கள். எஞ்சின் காருக்குள் போனது, ஃபிரேம் அனாதையாக நின்றது. அந்த அனாதைகளுக்கு ட்ரையம்ஃப் எஞ்சின் வாழ்வு கொடுத்தது. பழியைச் சரிபாதியாகப் போடுங்கள்.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

மேங்க்ஸ் வேறு, டாமினேட்டர் வேறு. மேங்க்ஸ் ஃபிரேம் ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரகக் கலப்பு எஃகுக் குழாய்; சாலை வண்டிக்குச் சாதாரண எஃகு. உருவம் ஒன்று என்பதால் பயனும் ஒன்றாகிவிடாது.

டியூக்கை இழுத்தீர்களே, அவர் வண்டியில் கிக்கர் இருந்ததா? பந்தய வண்டியைத் தள்ளி ஓடி ஸ்டார்ட் செய்வார்கள். அதில் ஃபுட்ரெஸ்ட்டை எங்கே வைத்தாலும் எதுவும் இடிக்காது. வேலு ஒவ்வொரு நாளும் வலக்காலால் கிக்கரை மிதிக்க வேண்டும். படத்தில் அழகாகத் தெரிகிற ரியர்செட் அந்த இடத்தில்தான் பல்லை இளிக்கும்.

மூட்டுவலி முருகன் (குராய்டன்)

ஐம்பது வயதுக்கு மேல் ரியர்செட் போடுகிறவர்கள் முதலில் வீட்டில் ஒரு சிறிய முக்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தொடைக்கு அடியில் இழுத்துக்கொண்டு மாலைச் செய்தி முழுவதையும் பார்க்கட்டும். எழுந்திருக்க முடிந்தால் மேலே பேசலாம்.

சோழவரம் (சென்னை)

கிக்கர் பற்றிப் பழைய இரும்பு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்காகக் காரியத்தையே கைவிட வேண்டியதில்லை.

நான் இளைஞனாக இருந்தபோது சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்கிற பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்தேன். ரியர்செட் போட்ட வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு முன் எங்கள் மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி: “கிக்கர் முழுசாகக் கீழே இறங்குகிறதா?” ஏ.எம்.சி. பாக்ஸில் கிக்கர் வலப்பக்கம். மிதிக்கும்போது அது பின்னோக்கி வட்டமடித்து இறங்கும். ரியர்செட்டின் வலது ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் வந்து நிற்கும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் போட்டால் தீர்ந்தது. ஆனால் மடக்க மறந்து மிதித்தால் கிக்கர் பாதியில் நின்று, எஞ்சின் திருப்பி அடிக்கும். கணுக்கால் அதை மறக்காது. ஆகவே மடங்குவது மேல்நோக்கிப் பின்சாய்வாக இருக்கட்டும். தானே திரும்பும்படி ஸ்பிரிங்கும் இருக்கட்டும்.

அடுத்து கியர். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நார்ட்டனில் முதல் கியருக்குப் பெடலை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றும் கீழே. நம் திருவொற்றியூர் புல்லட்டின் பழைய வலப்பக்க கியரும் இதேதான். அதை ஓட்டிப் பழகியவருக்கு நார்ட்டன் புதிதாகத் தோன்றாது. சரி, ரியர்செட் போட்டபின் பெடலை எட்ட வேண்டுமே? சுலப வழி, பெடலை கியர்பாக்ஸ் அச்சின் பல்வெட்டிலிருந்து (பற்கள் வெட்டிய முனையிலிருந்து) உருவி, அரை வட்டம் திருப்பிப் பின்னோக்கி மாட்டிவிடுவது. ராடு இல்லை, மூட்டு இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் வரிசை தலைகீழாகும்: முதல் கியர் கீழே, மற்றவை மேலே.

டன்-அப் தாத்தா (லண்டன்)

அதுதான் நல்லதே! இன்றைய வண்டிகள் எல்லாம் கீழே ஒன்று, மேலே மற்றவை. நார்ட்டன்காரர்களுக்கு இது இனாமாகக் கிடைத்த வரம். ட்ரையம்ஃபில் பெடலைத் திருப்பினால் நேர்மாறாகப் போய் முதல் கியர் மேலே வந்துவிடும். வேலு, திருப்பி மாட்டுங்கள், யோசிக்காதீர்கள்.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

யோசிக்காதீர்கள் என்று சொல்கிறவரிடமிருந்து எப்போதும் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். வேலு இதே வண்டியை இதுவரை மேலே ஒன்று என்று ஓட்டியிருக்கிறார். எதிரே லாரி வரும்போது முந்திச் செல்ல மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கப் பெடலைத் தூக்குவார். அது நான்காவதில் போய் விழும். அந்த ஒரு நொடிக்கு யார் பொறுப்பு?

வைட்லைன் வேலு (லெஸ்டர்)

பதில்களுக்கு நன்றி. என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் அப்பாவின் புல்லட்டில்தான் ஓட்டக் கற்றேன். வலக்கால் மேலே ஒன்று என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. வேலைக்குப் போகும் புதிய வண்டியில் இடக்கால், கீழே ஒன்று. இரண்டும் கலந்து குழம்பியதில்லை. கால் மாறும்போது மூளையும் மாறிக்கொள்கிறது. வலக்காலிலேயே வரிசை தலைகீழானால் பயமாகத்தான் இருக்கிறது.

பழைய ஹேண்டில்பாரையும் தேடிப் பார்த்தேன். கிளிப்-ஆன் போடுவதற்காக மேல் யோக்கில் (ஃபோர்க் குழாய்களை மேலே இணைக்கும் துண்டில்) இருந்த பிடிகளை முந்தைய ஆள் வெட்டி மழித்திருக்கிறார். யோக்கையே மாற்ற வேண்டும். அதனால்தான் ரியர்செட் பக்கம் வந்தேன்.

மறந்துவிட்டேன்: பின்னால் அவ்வப்போது என் மனைவி உட்காருவார்.

சோழவரம் (சென்னை)

அப்படியானால் ராடு வழியே போங்கள் தம்பி. பெடல் ரியர்செட்டின் அச்சில் சுழலும், அதிலிருந்து ஒரு ராடு முன்னால் போய் கியர்பாக்ஸ் அச்சில் மாட்டிய சிறிய கையை அசைக்கும். வரிசை மாறுமா மாறாதா என்பதை இரண்டு கைகள்தான் முடிவு செய்கின்றன. பெடல் பக்கத்துக் கையும் கியர்பாக்ஸ் பக்கத்துக் கையும் இரண்டுமே மேல்நோக்கி நின்றால், அல்லது இரண்டுமே கீழ்நோக்கி நின்றால், பழைய வரிசையே இருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் தலைகீழ். ஆகவே ஒரே ரியர்செட்டில் இரண்டு வரிசையும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் ஒரு கையைத் திருப்பி மாட்டினால் போயிற்று. தாத்தாவும் பழைய இரும்பும் இதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பெடல் நடுநிலையில் இருக்கும்போது இரண்டு கைகளும் ராடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் சாய்வாக மாட்டினால் மேலே தூக்க ஒரு பலம், கீழே மிதிக்க வேறு பலம் தேவைப்படும். கியர் சில நேரம் பாதியில் நிற்கும். பிறகு கியர்பாக்ஸைத் திட்டுவார்கள். கியர்பாக்ஸ் பக்கத்துக் கை நீளமானால் மிதிப்பது இலேசாகும், ஆனால் பாதம் அதிகத் தூரம் போக வேண்டும். முதலில் இரண்டையும் ஒரே நீளத்தில் வைத்துப் பாருங்கள்.

நீலச்சுடர் (டொராண்டோ)

எல்லோரும் பெடலைப் பற்றியே பேசுகிறீர்கள், ஃபுட்ரெஸ்ட் எதில் நிற்கிறது என்று யாரும் பேசவில்லை. தொழில்முறை வெல்டர் என்ற முறையில் சொல்கிறேன். வெல்டிங் என்றதும் கொலைக் குற்றம்போல் பார்ப்பது வேடிக்கை. ஆர்கான் வெல்டிங்கில் ஒழுங்காக ஊடுருவிய இணைப்பு நேராகக் குழாய்க்கே எடையைக் கொடுக்கும். தளர்வதற்கு போல்ட் இல்லை. அலுமினியத் தகட்டையோ எஃகைப்போல நம்ப முடியாது: எஃகுக்குக் குறிப்பிட்ட தகைவுக்கு (பரப்பளவுக்கு இத்தனை விசை என்ற அழுத்தத்துக்கு) கீழே, திரும்பத் திரும்ப அசைவதால் வருகிற களைப்பு கிடையாது, அலுமினியத்துக்கு அப்படி ஓர் அடித்தளமே இல்லை, எவ்வளவு சிறிய அதிர்வானாலும் எண்ணிக்கை கூடக் கூட ஒரு நாள் விரிசல் விடும். ஒற்றைச் சிலிண்டரோ இரட்டைச் சிலிண்டரோ, பழைய பிரிட்டிஷ் எஞ்சினின் அதிர்வைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோவை லேத் (கோயம்புத்தூர்)

நீலச்சுடர் சார் சொன்ன அலுமினியக் களைப்பு உண்மைதான். ஆனால் தகட்டைத் தடிமனாக எடுத்தால் தகைவு மிகக் கீழே போய்விடும். அப்போது அந்த எண்ணிக்கை நம் ஆயுளைத் தாண்டிவிடும். 12 மி.மீ. தடிமனில் 6082-டி6 என்ற உறுதியான அலுமினியக் கலவைத் தகடு வைத்தால் தகட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலை ஃபுட்ரெஸ்ட் தண்டைப் பற்றி. கடையில் வருகிற மலிவுப் பொருள்களில் தண்டின் அடியில் 10 மி.மீ. மரைதான் இருக்கிறது. கணக்குப் போடுவோம்.

80 கிலோ ஆள் முழு எடையையும் ஒரு காலில் போட்டு எழுந்து நின்றால் சுமார் 785 நியூட்டன். பாதத்தின் நடு தகட்டிலிருந்து 100 மி.மீ. வெளியே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடியில் வளைக்கும் திருப்பம் 78.5 நியூட்டன் மீட்டர். அங்கே தண்டு 10 மி.மீ. உருண்டையானால் தகைவு கிட்டத்தட்ட 800 மெகாபாஸ்கல். 12 என்றால் 460. 16 என்றால் 195. 20 என்றால் 100. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 சுற்றிலேயே வளைந்துவிடும். இதெல்லாம் அசையாமல் நிற்கிற ஆளுக்கு. குழியில் இறங்கும்போது இரண்டு மடங்கு என்று வைத்தால், மைல்டு ஸ்டீலில் 20-க்குக் குறைந்து நான் கடைவதில்லை. ஈ.என்.24 என்ற கலப்பு எஃகைப் பதப்படுத்தி எடுத்தால் அது 600-ஐத் தாண்டியும் தாங்கும், 16 போதும். அடியில் நேர்வெட்டாக மூலை விடக் கூடாது. வளைவு கொடுத்துக் கடைய வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வெல்டிங்கை நான் மறுப்பதற்குக் காரணம் வலிமை அல்ல, சூடு. ரியர்செட் வருகிற இடம் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) மூட்டை ஒட்டியது. ஃபெதர்பெட்டில் அங்கே முக்கோணத் தகடுகள் உண்டு. ஒரு பக்கம் காது பற்றவைத்தால் ஆறும்போது அந்தப் பக்கம் இழுக்கும். மூட்டுத் துளைகள் இரண்டும் நேர்கோட்டில் இருந்து சற்று நகர்ந்தாலும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் ஓடாது. அந்த ஃபிரேமின் பெருமையே அது நேராக நிற்பதுதானே?

நீலச்சுடர் (டொராண்டோ)

மூட்டில் எஃகுத் தண்டைச் செருகி இறுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஓட்டினால் இழுக்காது. அதைச் செய்யத் தெரியாதவர் வெல்டர் அல்ல.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

நீங்கள் டொராண்டோவில் இருக்கிறீர்கள். வேலுவின் வண்டியைத் தொடப் போகிறவர் “பக்கத்து ஊர்” ஆள். அவருக்குத் தெரியுமா?

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்து ஃபிரேம்களில் எந்த இணைப்பு வெண்கலம் வைத்துப் பற்றியது, எது நேர் வெல்டிங் என்று பெயின்டைச் சுரண்டிப் பார்க்காமல் தெரியாது. மேங்க்ஸ் ஃபிரேம்களை பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் வெண்கலத்தில்தான் இணைத்தது. வெண்கலம் படிந்த எஃகின்மேல் ஆர்கான் சுடரைக் காட்டினால் உருகிய தாமிரம் எஃகின் மணிகளுக்கு நடுவே ஊடுருவி விரிசல் விடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

நீலச்சுடர் (டொராண்டோ)

தெரியும். அதனால்தான் வெண்கல இணைப்பிலிருந்து தள்ளி, சுத்தமான குழாயில் ஒட்ட வேண்டும். தள்ளி ஒட்ட இடமில்லை என்றால் ஒட்டக் கூடாது. வெல்டிங்கே கூடாது என்பது வேறு, இந்த இடத்தில் கூடாது என்பது வேறு. முதலாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டன்-அப் தாத்தா (லண்டன்)

1960-இல் பையன்கள் தோட்டத்துக் கொட்டகையில் கேஸ் டார்ச்சை வைத்து ஒட்டினார்கள். வண்டி ஓடியது.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

ஓடியவை பற்றித்தான் நமக்குத் தெரிகிறது. உடைந்தவை பேச வருவதில்லை. கூடவே தாத்தாவுக்கு ஒரு கேள்வி: நீங்கள் எத்தனை ரியர்செட்டை உங்கள் கையால் பொருத்தியிருக்கிறீர்கள்? அல்லது கஃபே வாசலில் நின்று பார்த்ததோடு சரியா?

டன்-அப் தாத்தா (லண்டன்)

உங்களைப்போல வண்டியைப் போர்வைக்குள் வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பவரைவிட அதிகம்.

மட்டுறுத்துநர்

இருவரும் வண்டியைப் பற்றிப் பேசவும். அடுத்த தனிநபர்க் குத்தல் நீக்கப்படும்.

சோழவரம் (சென்னை)

சண்டை ஓய்ந்ததா? பிரேக்கை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் பெரிது.

நார்ட்டனில் பின்பிரேக் இடக்காலில். பெடல் ரியர்செட்டுக்கு நகரும்போது குட்டையாகிவிடும். நெம்பும் பலம் குறையும். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: பெடல் 200 மி.மீ., ராடை இழுக்கும் கை 50 மி.மீ. என்றால் கால் பலம் நான்கு மடங்காகும். பெடலை 120 ஆக்கிவிட்டுக் கையை 50-லேயே விட்டால் 2.4 மடங்குதான். டிரம்மில் லைனிங் புதிதாக இருந்தாலும் பிரேக் செத்தது போலிருக்கும். கையை 30 ஆக்கினால் மறுபடி நான்கு. இது தெரியாமல் புது லைனிங் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று திசை. பெடலின் முனை முன்னால் இருந்து கீழே மிதிக்கப்படும்போது, அச்சுக்கு மேலே நிற்கிற கை முன்னால் போகும், கீழே நிற்கிற கை பின்னால் போகும். சக்கரத்தின் பிரேக் கையை முன்னோக்கி இழுக்க வேண்டுமானால் ராடை மேல் கையில்தான் மாட்ட வேண்டும். கீழ்க் கையில் மாட்டினால் ராடு தள்ளும், இழுக்காது. ஒரு நன்மையும் உண்டு. பெடல் அச்சு ஸ்விங் ஆர்ம் மூட்டுக்கு அருகில் வருவதால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பிரேக் ராடு இழுபடுவது முன்பைவிடக் குறையும்.

உங்கள் வண்டியில் இப்போது ராடா, கேபிளா?

வைட்லைன் வேலு (லெஸ்டர்)

ராடு. முந்தைய ஆள் தானே வளைத்துச் செய்ததுபோல் தெரிகிறது.

சோழவரம் (சென்னை)

அதைத் தூக்கிப் போடுங்கள். நேரான ராடு போடுங்கள். வளைந்த ராடு பிரேக் பிடிக்கும்போது முதலில் நிமிரும், பிறகுதான் இழுக்கும்.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

வேலுவின் மனைவியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கடைத் தகடு மாட்டுவது பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் துளைகளில். அவர் கால் எங்கே போகும்? பிரிட்டனில் பின்னால் ஆள் ஏற்றினால் அவர் கால் வைக்க இடம் இருக்க வேண்டும். அது மரியாதை மட்டுமல்ல, சட்டம். பல வண்டிகளில் சைலன்சரும் அதே போல்ட்டில்தான் தொங்குகிறது. தகட்டை மாட்டும்போது சைலன்சர் ஒரு தகட்டுத் தடிமன் வெளியே போகும், குதிகால் அதில் உரசும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் அவர்கள் நினைவூட்டுவார்கள்.

கோவை லேத் (கோயம்புத்தூர்)

பின்சீட்டு விஷயத்துக்கு வழி இருக்கிறது. தகட்டைச் சற்று நீட்டி, பின்கோடியில் இன்னொரு துளை போட்டு, அவர்களுடைய மடங்கும் ஃபுட்ரெஸ்ட்டை அதில் மாட்டலாம். அப்போது தகட்டின் பளுவும் கூடும். ஆகவே ஒரே போல்ட்டில் தொங்கவிடாதீர்கள். ஒற்றை போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மிதிக்க மிதிக்கத் தகடு திரும்பும். இரண்டாவது பிடி கட்டாயம் வேண்டும். ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள இன்னொரு துளை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாயை இரண்டு பாதியாகக் கவ்வும் பிடி ஒன்று கடைந்து, தகட்டின் மறுமுனையை அதில் போல்ட் செய்யலாம். குழாயில் துளை போட வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கவ்வி எடையைத் தாங்கத் தேவையில்லை, தகடு திரும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதன் உட்புறம் மெல்லிய தகரத் தாள் வைத்தால் பெயின்ட்டும் பிழைக்கும்.

நீலச்சுடர் (டொராண்டோ)

இதை நான் எதிர்க்கவில்லை. கவ்வியை எஃகில் செய்யுங்கள்.

மூட்டுவலி முருகன் (குராய்டன்)

ஃபுட்ரெஸ்ட்டின் உயரம் பற்றி ஒருவராவது பேசுவார் என்று காத்திருந்தேன். பந்தய உயரம் மூலையில் படுக்கும்போது தரையில் உரசாமலிருக்க. கடைவீதிக்குப் போகிற ஆளுக்கு அவ்வளவு மேலே எதற்கு? தகட்டில் மேலும் கீழுமாக மூன்று துளை விட்டு வையுங்கள். முதலில் கீழ்த் துளை. முழங்கால் அனுமதி தந்தால் மேலே போகலாம்.

டன்-அப் தாத்தா (லண்டன்)

மூன்று துளை போட்ட தகடு பார்க்க சல்லடை. ஆனால் முருகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னுக்கு எவ்வளவு என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கிளிப்-ஆனைப் பிடித்து உட்கார்ந்து, கையை எடுத்துவிட்டாலும் முன்னால் விழாமல் தொடையால் உடம்பைத் தாங்க முடிகிற இடம்தான் சரியான இடம். அதற்கு முன்னால் வைத்தால் மணிக்கட்டு வலிக்கும், பின்னால் போனால் முழங்கால். அந்த இடத்தை அளவுகோலில் தேடாதீர்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மரக்கட்டையை அடுக்கி, ஏறி உட்கார்ந்து தேடுங்கள்.

வைட்லைன் வேலு (லெஸ்டர்)

வெல்டிங் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். கோவை லேத் ஐயா சொன்னதுபோல 12 மி.மீ. தகடு, இரண்டு பிடி, பின்கோடியில் மனைவிக்கு ஃபுட்ரெஸ்ட். கியருக்கு ராடு, இரண்டு கையும் மேலே, வரிசை பழையபடியே. பிரேக்குக்கு நேர் ராடு. மூன்று துளையும் உண்டு, தாத்தா மன்னிக்க வேண்டும். கட்டை அடுக்கி உட்கார்ந்து பார்க்கிற வேலையை இந்த வார இறுதியில் தொடங்குகிறேன்.

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்)

ஹேண்டில்பாரும் யோக்கும் கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும். எனக்கு அது உடன்பாடில்லை. வைட்லைன் யோக் ஒன்று வாகனச் சந்தைகளில் எப்போதாவது தலை காட்டத்தான் செய்கிறது. ஆனால் எதையும் வெட்டாமல், ஒட்டாமல் செய்கிறீர்கள். நாளைக்கு வேறொருவர் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். அந்த அளவில் வாயை மூடிக்கொள்கிறேன்.

கழற்றுகிற பழைய ஃபுட்ரெஸ்ட், கியர் பெடல், பிரேக் பெடல் மூன்றையும் விற்பதாக இருந்தால் முதலில் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.

வைட்லைன் வேலு (லெஸ்டர்)

விற்பனைக்கு இல்லை ஐயா.

கோவை லேத் (கோயம்புத்தூர்)

வேலு, தகட்டைக் கெட்டி அட்டையில் வெட்டி எனக்கு அனுப்புங்கள். வலப்பக்கம் முதலில். கிக்கரை ஒருவர் முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதன் பாதை அட்டையின்மேல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் கோடு இழுக்கட்டும். கியர்பாக்ஸ் அச்சின் பல்வெட்டு அளவைக் காலிப்பரில் எடுத்து எழுதுங்கள்; பற்களையும் எண்ணுங்கள். முடிந்தால் பழைய பெடலின் துளையை மெழுகில் பதித்து அதையும் சேர்த்து அனுப்புங்கள், எண்ணிக்கையை நான் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.